கொடுக்கு இல்லாத நண்டு

"அப்பாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அசிட்ரோம் மாத்திரை கொடுத்து, கீரையைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதே நோய் உள்ள எதிர்வீட்டுக்காரர் ஏதோ புது மாத்திரை போட்டுக்கொண்டு முருங்கைக்கீரையை ஒரு பிடி பிடிக்கிறார். அப்பாவுக்கு மட்டும் ஏன் இந்தப் பத்தியம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கினால் (அதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்), இடது மேலறையை ஒட்டியுள்ள சிறு பையில் ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறையும். அந்தக் கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. எனவேதான் உறைவைத் தடுக்கும் மாத்திரை. 'ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' என்று நாம் சொன்னாலும், அது ரத்தத்தை ரசம்போல நீர்த்துப்போகச் செய்வதில்லை. அது செய்யும் வேலை இன்னும் நுட்பமானது.

ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் நான்கு (2, 7, 9, 10ஆம் காரணிகள்) கல்லீரலில் தயாராகும்போது அரைகுறையாகவே இருக்கின்றன. அவற்றிலுள்ள குளுட்டாமிக் அமிலங்களில் இன்னொரு கார்பாக்சில் தொகுதி ஒட்டப்பட வேண்டும். இரண்டு தொகுதிகளும் அருகருகே அமைந்தவுடன் நண்டின் கொடுக்குப்போல ஒரு பிடி உருவாகிவிடுகிறது. கால்சியம் அயனியைக் கவ்விக்கொள்ளும் பிடி. கால்சியத்தைக் கவ்விய பிறகுதான் அந்தப் புரதம் காயம்பட்ட இடத்தில் போய் உட்கார முடியும். புரோத்திராம்பின் (அதுதான் 2ஆம் காரணி) என்ற ஒரே மூலக்கூறில் மட்டும் இப்படிப் பத்துக் கொடுக்குகள்! ஒவ்வொன்றையும் ஒட்டும்போது ஒரு வைட்டமின் கே மூலக்கூறு ஆக்சிஜனேற்றம் அடைந்து சக்கையாகிறது. உடலில் வைட்டமின் கே இருப்பு கொஞ்சம்தான். அதனால் ஒரு நொதி அந்தச் சக்கையைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக் கொடுக்கிறது. வார்ஃபரின் என்ற பழைய உறைவுத்தடுப்பு மருந்தும் அதன் தம்பியான அசிட்ரோமும் அந்த நொதியை மட்டும் முடக்குகின்றன. கல்லீரல் வழக்கம்போல் நண்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும், கொடுக்குதான் இருக்காது.

கீரையின் கதை இப்போது விளங்கும். கீரையில் புது வைட்டமின் கே நிறைய. ஒரு வாரம் சுத்தமாகத் தவிர்த்து, மறுவாரம் தினமும் தின்றால் மாத்திரையின் அளவு தடுமாறிப்போகும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை அளவு) 2க்கும் 3க்கும் இடையில் நிற்காது. ஆகவே தேவை ஒழுங்கு, துறவறம் அல்ல. வாரத்துக்கு இருமுறை என்றால் எல்லா வாரமும் இருமுறை. 'கீரையே விஷம்' என்று ஒரு வீட்டையே பயமுறுத்துவதும், 'பூண்டு போதும்' என்று மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் எனக்கு ஒரே மூடநம்பிக்கையின் இரு முகங்களாகவே படுகின்றன.

வார்ஃபரின் வந்த வழியும் சுவையானது. 1933இல் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த விவசாயி ஒருவர், செத்துப்போன பசுவையும் உறையாத ரத்தம் நிரம்பிய பால்கேனையும் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் கார்ல் பால் லிங்க் என்ற உயிர்வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். பசு தின்ற பூசணம் பிடித்த வைக்கோல்தான் குற்றவாளி. அதில் பிரித்தெடுத்த பொருளிலிருந்து பிறந்த வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாக விற்கப்பட்டது. 1954இல் மனிதருக்கும் அனுமதியானது. பெயரின் முன்பாதி (WARF), அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்த பல்கலைக்கழக முன்னாள் மாணவர் அறக்கட்டளையின் முதலெழுத்துகள். கெட்டுப்போன வைக்கோலை ஆராய இன்று நம் ஊரில் ஒருவர் நிதி கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எதிர்வீட்டுக்காரரின் புது மாத்திரை கல்லீரலில் நடக்கும் இந்தத் தயாரிப்பில் தலையிடுவதே இல்லை. புது மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரான், புரோத்திராம்பினிலிருந்து உருவாகும் த்ராம்பினின் வாயை நேராக அடைக்கிறது. ரிவராக்சபானும் அபிக்சபானும் பத்தாம் காரணியின் வாயை. வைட்டமின் கே நடுவில் வராததால் கீரைக்குத் தடையில்லை, ஐ.என்.ஆர். பார்க்கும் அலைச்சலும் இல்லை. மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் வார்ஃபரினைவிடக் குறைவு. அதனால் பெரும்பாலானோருக்கு இன்று இவைதான் முதல் தேர்வு. சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. டாபிகாட்ரானில் சுமார் 80 சதவீதமும், அபிக்சபானில் கால்பங்கும் சிறுநீரகம் வழியாக வெளியேறுகின்றன.

அப்படியானால் அப்பாவுக்கு ஏன் பழையது? அவருக்குச் செயற்கை உலோக வால்வு இருக்கலாம். அல்லது சிறுவயது வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கலாம். நம் நாட்டில் அது அரிதல்ல. 4,500க்கும் மேற்பட்ட வாத இதய நோயாளிகளிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளியானது. ரிவராக்சபான் தோற்காது என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். பழைய மருந்து எடுத்தவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது. வாசகி அடுத்த முறை மருத்துவரிடம் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையைக் காட்டி, "வால்வு சுருங்கியிருக்கிறதா, உலோக வால்வு இருக்கிறதா?" என்று கேட்கலாம். இரண்டும் இல்லை என்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்து மாற்றுவது பற்றிப் பேச்செடுக்கலாம். அதுவரை அசிட்ரோமைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

எதிர்வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல்லி வையுங்கள். கொடுக்குள்ள புது நண்டுகள் தயாராகி வர நேரம் பிடிக்கும் என்பதால், அப்பா ஒரு வேளை மாத்திரையை மறந்தாலும் பாதுகாப்பு உடனே போய்விடாது. எதிர்வீட்டுக்காரரின் மாத்திரையோ உடலில் சுமார் அரை நாளில் பாதியாகக் குறைந்துவிடும்.