85 கிலோ ஆளு 111 கிலோ ஆளை எப்படி சாய்ச்சாரு?

டெம்ப்ஸி - வில்லார்ட் குத்துச்சண்டையோட பழைய வீடியோவை பாத்துட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு, "ஆறரை அடி மனுஷன் இப்படி திரும்பத் திரும்ப விழுறாரே சார், செட்டப்பா?"ன்னு. செட்டப் இல்லைங்க.

1919 ஜூலை 4, அமெரிக்காவுல ஒஹாயோ மாநிலத்து டொலிடோ, கொளுத்துற வெயில். ஜெஸ் வில்லார்ட் 111 கிலோ, 1915-ல ஹவானாவுல ஜாக் ஜான்சனை 26-வது ரவுண்டுல சாய்ச்சு ஹெவிவெயிட் பட்டம் வாங்குனவரு. எதிர்ல ஜாக் டெம்ப்ஸி, 85 கிலோதான். முதல் ரவுண்டுலயே வில்லார்ட் ஏழு தடவை விழுந்தாரு, நாலாவது ரவுண்டுக்கு அவரால எழுந்து வரவே முடியல.

விசைன்னா நிறை பெருக்கல் முடுக்கம், அது ஸ்கூல்லயே படிச்சதுதான். டெம்ப்ஸி முன்காலை லேசா தூக்கி உடம்பை முன்னாடி விழ விடுவாரு, அந்தக் கால் தரையைத் தொடறதுக்குள்ள குத்து போய் சேர்ந்துடும், அதனால முஷ்டிக்குப் பின்னாடி மொத்த உடம்பும் வரும்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது குத்து விழுந்த பிறகு உள்ள நடக்கறதுதான். 111 கிலோ ஆளா இருந்தாலும் கழுத்துக்கு மேல இருக்கறது சுமார் 5 கிலோ தலைதாங்க. கதவுல கைப்பிடி கீல்லேர்ந்து தள்ளி இருக்கற மாதிரி தாடை கழுத்துலேர்ந்து தள்ளி இருக்கு, அங்க பக்கவாட்டுல ஒண்ணு விட்டா தலை சட்டுன்னு திரும்பிடும். ஒரு சொம்பு கெட்டித் தயிரை எடுத்து வெடுக்குனு திருப்பிப் பாருங்க, சொம்பு திரும்பிடும், ஓரத்துத் தயிர் கூடவே போகும், நடுவுல இருக்கறது அப்படியே நிக்கும், ரெண்டுக்கும் இடையில விரிசல் விழும். 1.4 கிலோ மூளைக்கும் இதேதான், விரிசலுக்குப் பதிலா அந்த இடத்து நரம்பிழைங்க இழுபடும், இழுபட்டதும் அதோட சவ்வு வழியா பொட்டாசியம் வெளிய போயிடும், கால்சியம் உள்ள புகுந்துடும், சிக்னல் குழம்பிடும். நம்மள விழிப்பா வச்சிருக்கற மூளைத்தண்டு வரைக்கும் இது போச்சுன்னா முழங்கால் மடங்கிடும், தரையைத் தொடறதுக்கு முன்னாடியே ஆளுக்கு நினைவு இருக்காது.

குத்து வர்றது தெரிஞ்சா கழுத்தை இறுக்கிக்கலாம், அப்ப தலைக்கு உடம்பும் துணைக்கு நிக்கும். அன்னிக்கு டெம்ப்ஸி விழுந்தவரு பக்கத்துலயே நின்னாரு, வில்லார்ட் முழங்கால் ஊனி எழுந்திரிக்கும்போதே அடுத்த குத்து.

இவ்ளோ அழகான இயற்பியல் இருக்கும்போது, டெம்ப்ஸி கையுறைக்குள்ள சுத்தியிருந்த கைக்கட்டுல, காஞ்சா கல்லு மாதிரி இறுகிடற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இருந்துச்சுன்னு அவரோட மேனேஜர் கேர்ன்ஸ் சொன்னதா 1964-ல வந்த கதையை இன்னும் நம்பறாங்க, எனக்கு வருத்தமா இருக்கு.

அதைவிட வருத்தம் பணம். 1927-ல சிகாகோவுல டெம்ப்ஸி - டன்னி சண்டைக்கு டிக்கெட் வசூல் மட்டும் 26 லட்சம் டாலருக்கு மேல. அடுத்த வருஷமே நியூஜெர்சி டாக்டர் ஹாரிசன் மார்ட்லண்ட், குத்து வாங்கி வாங்கி தள்ளாடிப் போன பாக்ஸர்களைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதிட்டாரு. அந்த வசூல்ல நூத்துல ஒரு பங்கை ஒவ்வொரு சண்டைக்கும் மூளை ஆராய்ச்சிக்கு ஒதுக்கியிருக்கணும்னு நான் நினைக்கறேன். குத்து வாங்கி வாங்கி வர்ற அந்த மூளை நோயை இன்னிக்கும் ஆளு செத்த பிறகு மூளையை அறுத்துப் பாத்துத்தான் உறுதி பண்றாங்க.