கேபிளைக் கவ்விய சுறா

1978 ஜூனில் வெளியான ‘ஜாஸ் 2’ படத்தின் கடைசிக் காட்சியை மறுபடி பார்த்தேன். ஆமிட்டி தீவின் போலீஸ் தலைவர் பிராடியாக ராய் ஷைடர், ஒரு ரப்பர் மிதவையில் உட்கார்ந்திருக்கிறார். கடலடியில் கிடந்த மின்கேபிள் மேலே இழுபட்டு வந்து அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது. துடுப்பால் அதை ஓங்கி ஓங்கி அடிக்கிறார். சத்தத்தைக் கேட்டு வரும் வெள்ளைச் சுறா கேபிளைக் கவ்வுகிறது. தீப்பொறி பறக்கிறது. சுறா எரிந்து, கருகி, மூழ்குகிறது.

1975இல் வந்த முதல் படத்தோடு வைத்துப் பார்த்தால் இது ஒரு படி கீழேதான். ஆனாலும் இந்தக் காட்சியை நான் விடமாட்டேன். சுறாவையும் மின்சாரத்தையும் நேருக்கு நேர் நிறுத்துகிறதே, அதற்காக. உயிரினங்களில் மின்சாரத்தை இத்தனை நுட்பமாக உணரக்கூடியவை மிகச் சில. அவற்றில் முதல் வரிசையில் இருப்பது சுறா.

முதலில் அந்தத் துடுப்பு. படத்தில் பிராடி செய்வது சரியான காரியம். தாழ்ந்த சுருதியில், விட்டுவிட்டு வரும் ஒலிக்குச் சுறா திரும்பும். அடிபட்ட மீன் துடிக்கும்போது எழும் ஒலி அப்படிப்பட்டதுதான். 1960களில் நீருக்கடியில் ஒலிபெருக்கியை இறக்கி, இத்தகைய ஒலிகளை எழுப்பியே சுறாக்களை வரவழைத்துக் காட்டினார்கள். தண்ணீரில் ஒலி வெகுதூரம் போகும். சில நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் சுறாவைக்கூட அது இழுத்து வந்துவிடும். நெருங்க நெருங்க மோப்பமும் பார்வையும் சேர்ந்துகொள்ளும். கடைசி அரை மீட்டரில்தான் மின்னுணர்வுக்கு வேலை. கடிக்கும் கணத்தில் வெள்ளைச் சுறா தன் கண்ணைக் காத்துக்கொள்ள விழியைப் பின்னால் உருட்டிக்கொள்கிறது. அப்போது அதன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வாய்க்கு வழிகாட்டுவது இரையைச் சுற்றியுள்ள மின்புலம்.

மீன் கடையில் சுறா வாங்குகிறவர்கள் அடுத்த முறை அதன் மூக்கை உற்றுப் பாருங்கள். மிளகுப் பொடி தூவியதுபோல் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். விரலால் அழுத்தினால் கண்ணாடி போலத் தெளிந்த பசை கசியும். ஒவ்வொரு துளையும் ஒரு மெல்லிய குழாயின் வாய். உள்ளே முழுக்க அந்தப் பசை; அடியில், ஒரு சிறு குமிழில், உணர்செல்கள். இத்தாலியரான ஸ்டெஃபானோ லோரென்சினி இவற்றை 1678இல் விவரித்து எழுதினார். படம் வருவதற்குச் சரியாக 300 ஆண்டுகளுக்கு முன்! இவற்றுக்கு இன்றும் அவர் பெயர்தான்: லோரென்சினி குமிழ்கள். ஆனால் இவை எதற்காக என்பது 1960கள் வரை புரியவில்லை. வெப்பத்தை உணரவா, அழுத்தத்தை உணரவா என்றெல்லாம் விவாதம் நடந்தது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. குழாயின் சுவர் மின்சாரத்தைக் கசியவிடாது. உள்ளிருக்கும் பசையோ அதை நன்றாகக் கடத்தும். அதனால் துளையின் வாயில் கடல்நீரின் மின்னழுத்தம் எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவு அடியிலிருக்கும் செல்லுக்கு வந்து சேர்கிறது. செல் அதைத் தன்னைச் சுற்றியுள்ள உடலின் மின்னழுத்தத்தோடு ஒப்பிடுகிறது. நூற்றுக்கணக்கான குழாய்கள் நூற்றுக்கணக்கான திசைகளில் நீண்டிருப்பதால், மின்புலம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. கொம்பன் சுறா தன் அகன்ற தலையை மணலுக்குச் சற்று மேலே இப்படியும் அப்படியுமாக வீசிக்கொண்டு போவது இந்தத் தேடலுக்குத்தான்.

நுட்பம் எவ்வளவு? ஒரு சென்டிமீட்டருக்கு 5 நானோவோல்ட். டார்ச் லைட்டில் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் கடலில் வைத்தால், நடுவில் அவ்வளவுதான் இருக்கும். கன்னியாகுமரியில் ஒரு முனை, காஷ்மீரில் மறுமுனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயிருள்ள எந்த மீனும் தன்னைச் சுற்றி மின்சாரத்தைக் கசியவிடுகிறது. உடலுக்குள் இருக்கும் உப்பும் வெளியே கடலில் இருக்கும் உப்பும் ஒரே அளவில் இல்லாததால் இது நிகழ்கிறது. மூச்சு விட்டு வாங்க, வாயும் செவுளும் திறந்து மூட, அந்த மின்புலமும் ஏறி இறங்குகிறது. ஏட்ரியானஸ் கால்மைன் என்ற விஞ்ஞானி 1971இல் இதை வைத்து ஓர் அழகான சோதனையை வெளியிட்டார். நம்மூர் நாக்குமீனுக்கு உறவான தட்டைமீன் ஒன்றை, மின்சாரம் புகக்கூடிய அகர் எனும் கடற்பாசிக் கூழாலான கூண்டுக்குள் வைத்து மணலில் புதைத்தார். வாடை வேறிடத்தில் போய் வெளியேறும்படி நீரோட்டத்தை அமைத்தார். பூனைச் சுறா வாடையைச் சட்டை செய்யாமல், நேரே மீன் இருந்த இடத்தைத் தோண்டியது. மின்சாரத்தைத் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் கூண்டை மூடியதும் அதற்கு மீன் இருக்குமிடம் தெரியவில்லை. கடைசியில் மீனையே எடுத்துவிட்டு, இரண்டு மின்முனைகளை மட்டும் புதைத்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார். சுறா வந்து மணலைத் தோண்டிக் கடித்தது.

இதற்குப் பிறகு கால்மைன் திறந்த கடலுக்குப் போனார். போன இடம் வின்யார்ட் நீரிணை. ‘ஜாஸ்’ படமாக்கப்பட்ட மார்த்தாஸ் வின்யார்ட் தீவை ஒட்டிய அதே கடல், அதே 1970கள். நீருக்குள் உலோகம் எதுவும் இருந்தால் அதன் மின்சாரம் குறுக்கிடும் என்பதால், அவர் வேலை செய்தது ரப்பர் மிதவையிலிருந்து. பிராடியின் மிதவையைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர் நினைவுதான் வருகிறது. மீன் வாடையை நடுவில் விட்டு, பக்கத்தில் மின்முனைகளை வைத்தார்கள். வாடையைத் தொடர்ந்து வந்த சிறு சுறாக்கள், கிட்டே வந்ததும் திரும்பி மின்முனையைக் கடித்தன.

சரி, நிஜத்தில் பிராடியின் கேபிள் சுறாவைக் கொன்றிருக்குமா? படத்தில் காட்டுவதுபோல் நடக்காது. கடல்நீர் மீனின் உடலைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். உறை கிழிந்த இடத்திலிருந்து மின்சாரத்தின் பெரும்பகுதி உப்புநீர் வழியாகக் கேபிளின் எஃகுக் கவசத்துக்கே ஓடிவிடும். அடுத்த நொடிக்குள் கரையிலுள்ள பாதுகாப்புக் கருவி இணைப்பைத் துண்டித்துவிடும். பல் பதிந்த இடத்தில் மின்னோட்டம் அடர்ந்திருக்கும் என்பதால் தாடை புண்ணாகலாம். மொத்த உடலும் தீப்பிடித்து எரிய வழியில்லை. இன்னொன்று, அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 120 முறை திசை மாறுவது. லோரென்சினி குமிழ்களோ நொடிக்குச் சில முறை மாறும் மெதுவான புலத்துக்குப் பழகியவை. ஆக, சுறாவை அழைத்து வந்தது துடுப்பின் ஓசையே தவிர, கேபிளுக்குள் ஓடிய மின்சாரம் அல்ல.

தொலைத்தொடர்புக் கேபிள்களின் கதை வேறு. வழியில் ஆங்காங்கே ஒளியைப் பெருக்கும் கருவிகளுக்காக, அவற்றில் திசை மாறாத நேர்மின்சாரம் ஓடுகிறது. 1985இல் கேனரித் தீவுகளில், கிரான் கனாரியாவுக்கும் டெனெரிஃபுக்கும் இடையே சோதனைக்காக ஓர் ஒளியிழைக் கேபிளைப் போட்டார்கள். அது பழுதானது. மேலே இழுத்துப் பார்த்தால், பிளாஸ்டிக் உறைக்குள் பற்கள் குத்தி நின்றன. முதலைச் சுறாவின் பற்கள். வெள்ளைச் சுறாவின் பக்கத்தில் அது ஒரு குஞ்சு, ஒரு மீட்டர் நீளம்தான். அதன் பிறகு இத்தகைய கேபிள்களின் உறைக்கு உள்ளே எஃகுப் பட்டை சுற்ற ஆரம்பித்தார்கள்.