ஹெட்டருக்குக் கோட்டிங் போடும் முன்

போன மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே, அதாவது சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாள். ஒரு தம்பி தன் ஹேட்ச்பேக்குக்குப் புதிதாகச் செய்த 4-2-1 ஹெட்டரைக் கொண்டுவந்தார். இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் பைப் தொகுதிதான் ஹெட்டர், இதில் நான்கு பைப் இரண்டாகி, பிறகு ஒன்றாகும். ரத்தச் சிவப்பு, கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஐடிலில் விட்டோம். கொஞ்ச நேரத்திலேயே பானெட்டுக்கு அடியில் புகை. அந்தச் சிவப்பு, தோசைக்கல்லில் மாவு பொங்குவது போலப் பொட்டுப் பொட்டாக எழும்பி, பழுப்பாகி, கருகியது. புளோயர் ஓடிக்கொண்டிருந்ததால் நாற்றம் வண்டிக்குள்ளும் போய்விட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தவருக்குக் கண் எரிச்சல், நிற்காத இருமல்.

"ஏனுங்ணா, நல்லாத் தாங்கும்னு சொல்லித்தானே போட்டுக் கொடுத்தாங்க?"

அது பவுடர் கோட்டிங். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அலாய் வீலுக்கும் அருமையான வேலை. ஆனால் அந்தப் பவுடரை ஓவனில் வைத்துச் சுடுவதே 180 முதல் 200 டிகிரி செல்சியஸில்தான். ஹெட்டர் அந்தச் சூட்டை ரோட்டுக்கு வருவதற்கு முன்பே தாண்டிவிடும். இதே மாதிரி வருஷத்துக்கு நான்கைந்து ஹெட்டராவது என் பட்டறைக்கு வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் சூட்டின் அளவைப் பார்ப்போம். பெட்ரோல் இன்ஜினை முழு லோடில் ஓட்டும்போது சிலிண்டரை விட்டு வெளியே வரும் புகை 800, 900 டிகிரியைத் தொடும். டர்போ வண்டியில் அதற்கும் மேலே போகும். பைப்பின் உலோகம் அவ்வளவு ஏறாது. வெளியே காற்று பட்டு ஆறிக்கொண்டே இருக்கும். ஆனாலும் டிராக்கில் தொடர்ந்து மிதித்தால் 600 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். இரும்பு மங்கலாகச் சிவக்கத் தொடங்குவது 525 டிகிரி வாக்கில். அதுவும் இருட்டில்தான் கண்ணுக்குத் தெரியும். பகலில் கருப்பாகத்தான் இருக்கும், அதை நம்பிக் கை வைத்தவர்கள் உண்டு. இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் வளைவும், நான்கு பைப்பும் வந்து சேரும் கலெக்டரும்தான் அதிகம் காயும் இடங்கள். எந்தக் கோட்டிங்காக இருந்தாலும் முதலில் உரிவதும் அங்கேதான்.

எந்தக் கோட்டிங்கும் சூட்டை அழித்துவிடாது. அந்தச் சூடு வேறு எங்காவது போயாக வேண்டும். பைப்பின் வெளியே மட்டும் தடுப்பு போட்டால், வெளியேற வழியில்லாமல் பைப்பின் உலோகம் முன்னைவிட அதிகம் காயும். உள்ளே போட்டால் உலோகம் கொஞ்சம் தப்பிக்கும், சூடு புகையோடு பின்னால் போகும். புகை சூடாக இருந்தால் வேகம் குறையாமல் ஓடும், டர்போவுக்கு நல்லது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சீக்கிரம் வேலை செய்யத் தொடங்கும். பானெட்டுக்குள் சூடு குறைந்தால் இன்ஜின் இழுக்கும் காற்றும் குளிர்ச்சியாக இருக்கும். இதற்காகத்தான் காசு கொடுக்கிறோம். நிறம் அப்புறம்தான்.

அடுத்தது, கோட்டிங்குக்கு அடியில் இருக்கும் உலோகம். எஸ்.எஸ். 304 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பில் அரை மீட்டர் நீளத்தை 600 டிகிரி ஏற்றினால் சுமார் 5 மில்லிமீட்டர் நீளும். ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் இதே கதை. மேலே இருக்கும் கோட்டிங்கும் கூடவே நீண்டு சுருங்க வேண்டும். முடியாவிட்டால் வெடிக்கும். மைல்டு ஸ்டீல் இதைவிடக் குறைவாகத்தான் நீளும், விலையும் குறைவு, ஆனால் 500 டிகிரிக்கு மேல் செதில் செதிலாக உரியும். அதற்குத்தான் கோட்டிங் உண்மையிலேயே தேவை. நல்ல 304-ல் செய்த ஹெட்டர் கோட்டிங் இல்லாமலேயே பல வருஷம் ஓடும், தங்க நிறமாகவும் நீலமாகவும் மாறும். அது சூட்டில் மேலே படியும் மெல்லிய ஆக்சைடு, பயப்பட வேண்டாம்.

ஸ்ப்ரே டப்பாவில் வரும் ஹை-டெம்ப் பெயின்ட்டைப் பலரும் மட்டமாகப் பேசுகிறார்கள். நான் பேச மாட்டேன். ரோட்டில் ஓடும் வண்டிக்கு, ஒழுங்காக அடித்தால் அது போதும். அந்த 'ஒழுங்காக' என்ற இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஒருமுறை ஒரு ஹெட்டர் திரும்பி வந்தது. மூன்றாவது பைப்பில் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், உரிந்த இடம் அச்சு அசலாக ஒரு கை. கட்டை விரல் ஒரு பக்கம், நான்கு விரல் மறுபக்கம். துடைத்து முடித்த பிறகு யாரோ வெறும் கையால் பிடித்து நகர்த்தி வைத்திருக்கிறார்கள். விரலில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கு போதும், பெயின்ட் பிடிக்காமல் போக. அன்றிலிருந்து என் பட்டறையில் பிளாஸ்டிங் (பொடியைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுரண்டிச் சுத்தம் செய்வது) முடிந்த ஹெட்டரைப் புதுக் கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை.

அடித்தவுடன் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் இந்தப் பெயின்ட் இன்னும் பச்சைதான். இதில் இருப்பது சிலிகோன் ரெசின். படிப்படியாகச் சூடு ஏற்றும்போதுதான் அதிலுள்ள எரியும் பகுதி போய், மீதி இறுகி, நிறப்பொடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். நான் செய்யும் முறை: 120 டிகிரியில் அரை மணி, ஆறவிட்டு 200 டிகிரியில் அரை மணி, திரும்ப ஆறவிட்டு 315 டிகிரியில் அரை மணி. டப்பாவில் வேறு கணக்கு போட்டிருந்தால் அதன்படிதான் செய்ய வேண்டும். வீட்டுச் சமையல் ஓவனில் மட்டும் தயவுசெய்து வைக்காதீர்கள். அந்தப் புகை சாப்பாட்டுப் பக்கமே வரக்கூடாது.

இதற்கு மேலே போனால் செராமிக். இந்தப் பெயரில் இரண்டு வேறு சரக்கு விற்கப்படுகிறது. ஒன்று, ஸ்ப்ரே கன்னில் அடித்து ஓவனில் சுடும் மெல்லிய படலம், சில பத்து மைக்ரான் தடிமன். இதில் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் வகையில் அலுமினியம் அதிகம். அழகாக இருக்கும், துரு பிடிக்காது, ஆனால் அதிகச் சூட்டில் மங்கிவிடும். டர்போ வண்டிக்கு அதை நான் போடுவதில்லை, கருப்பு வகைதான். இன்னொன்று, பிளாஸ்மா முறையில் உருக்கித் தெளிக்கும் சிர்கோனியா. அடியில் நிக்கல்-குரோமியம் கலந்த பிணைப்புப் படலம், மேலே சில நூறு மைக்ரான் சிர்கோனியா. ஜெட் இன்ஜின் பிளேடுகளுக்குப் போடும் அதே வகை. ஸ்டீலோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாகத்தான் சூட்டைக் கடத்தும். விலையும் அப்படித்தான். 'செராமிக்' என்று யாராவது சொன்னால், எந்த வகை, எத்தனை மைக்ரான், உள்ளேயும் அடிப்பீர்களா என்று கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு ஏமாற்று நடக்கிறது. செய்பவர்கள் பலருக்கே அது ஏமாற்று என்று தெரியாது. கோட்டிங் போடாத பைப்பில் இன்ஃப்ராரெட் துப்பாக்கியைக் காட்டுவார்கள், பெரிய எண். பளபளக்கும் செராமிக் பைப்பில் காட்டுவார்கள், பாதிக்கும் குறைவு. வாடிக்கையாளர் அசந்துபோய் முன்பணம் கொடுத்துவிடுவார். அந்தத் துப்பாக்கி வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை. பொருள் உமிழும் கதிரை வைத்துக் கணக்குப் போடுகிறது. பளபளப்பான உலோகம் எவ்வளவு சூடாக இருந்தாலும் குறைவாகத்தான் உமிழும், அதனால் எண்ணும் குறைவாக வரும். இதை நானே சோதித்துப் பார்த்தேன். வெள்ளி செராமிக் பைப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கருப்பு ஹை-டெம்ப் பெயின்ட் அடித்து, காயவிட்டு, வண்டியை ஓட்டிவிட்டு வந்து அளந்தேன். பளபளப்பில் காட்டியதைவிடக் கருப்புப் பொட்டில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. பைப் ஒன்றுதான், இடைவெளி இரண்டு அங்குலம். யாராவது துப்பாக்கி காட்டி விற்றால், இரண்டு பைப்பிலும் ஒரு கருப்புப் பொட்டு வைத்து அளக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு தெர்மோகப்பிள் (தொட்டு வெப்பநிலையை அளக்கும் கம்பி) வைத்து, முன்னும் பின்னும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஹீட் ரேப், அதாவது பைப்பின் மேல் சுற்றும் வெப்பத் தடுப்பு நாடா பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பந்தயத்துக்கு மட்டும் ஓடும், அடிக்கடி பிரித்துப் பார்க்கும் வண்டிக்குச் சரி. தினசரி ஓட்டும் மைல்டு ஸ்டீல் ஹெட்டருக்கு வேண்டவே வேண்டாம். வெளித் தடுப்பு என்பதால் உலோகம் அதிகம் காயும். மழையில் நனைந்தால் ஈரம் உள்ளேயே நின்று அரிக்கும். சுற்றியிருப்பதால் வெடிப்பு விழுந்தாலும் தெரியாது. வால்வ் கவரிலிருந்து எண்ணெய் கசிந்து ரேப்பில் ஊறினால் அது விளக்குத் திரி. ரேப் சுற்றிய எந்த வண்டியிலும் தீயணைப்பான் இல்லாமல் நான் டிராக்குக்கு அனுப்புவதில்லை. பழைய ரேப்பைப் பிரிக்கும்போது ஸ்டெயின்லெஸ் பைப்பின் மேல் மஞ்சள் பொடி தெரிந்தால் கை வைக்காதீர்கள், ஊதித் தள்ளாதீர்கள். கால்சியம் கலந்த இன்சுலேஷனும் போல்ட் இறுகிப்போகாமல் இருக்கத் தடவும் ஆன்ட்டி-சீஸ் கிரீஸும் அதிகச் சூட்டில் ஸ்டீலிலுள்ள குரோமியத்தோடு சேர்ந்து கால்சியம் குரோமேட் உண்டாகலாம். அது புற்றுநோய் உண்டாக்கும் வகை. நனைத்து, முகமூடியும் கையுறையும் போட்டு எடுக்க வேண்டும். சில பட்டறைகளில் இன்னும் அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுகிறார்கள். அதைச் சுற்றவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம்.

வேலை செய்யும் பையன்களுக்காகவும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஆற்று மணலை வைத்து பிளாஸ்டிங் செய்யாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் வரும். அலுமினியம் ஆக்சைடு வாங்குங்கள், அப்போதும் முகமூடி வேண்டும். விலை குறைவு என்று ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் ஹெட்டர் செய்யாதீர்கள். வெல்டிங்கில் துத்தநாகம் ஆவியாகி, ராத்திரி குளிர் காய்ச்சலில் நடுங்க வைக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த பைப்பில் உடனே ஆர்கான் வெல்டிங் போடாதீர்கள். அதிலிருந்து வருவது பாஸ்ஜீன், முதல் உலகப் போரில் வீசிய அதே விஷவாயு.

புதுக் கோட்டிங் போட்ட ஹெட்டரை மாட்டியதும் ரெவ் கொடுத்துப் பார்க்க மனசு துடிக்கும். பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, முழுசாக ஆறவிட்டு, திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாகக் கட்டிய இன்ஜின் என்றால் டியூனிங் முடியும்வரை பழைய ஹெட்டரிலேயே ஓட்டுங்கள். டைமிங் ரிடார்டாக, அதாவது ஸ்பார்க் தாமதமாக விழுந்தால் எரிய வேண்டியது பைப்பில் வந்து எரியும், எந்தக் கோட்டிங்கும் அதற்குத் தாங்காது. பக்கத்தில் போகும் பிரேக் ஹோஸ், ஃபியூல் லைன், ஆக்சிஜன் சென்சர் வயர் எல்லாவற்றுக்கும் ஒரு விரல் இடைவெளி போதாது. தகடு வைத்து மறைத்துவிடுங்கள்.

அந்தத் தம்பியின் ஹெட்டரைச் சனிக்கிழமை பூராவும் பிளாஸ்டிங் செய்து, வெறும் உலோகமாகவே மாட்டி அனுப்பினோம். ஞாயிறு ஓடி முடித்து, கைவைக்கும் அளவுக்கு ஆறியதும் ஃபிளேஞ்ச் நட்டுகளைத் திரும்ப முடுக்கினோம். இரண்டாவது ஸ்டட் பக்கத்தில் மயிரிழை அளவுக்குக் கரிக்கோடு இருந்தது. கேஸ்கட் கசிவு. கோட்டிங் அதற்கு அடுத்த வாரம்தான் போட்டோம், கருப்பு செராமிக், உள்ளேயும் வெளியேயும்.