சுற்றொலியா, சூழொலியா?

கேட்பவரின் நாற்புறமும் ஸ்பீக்கர் வைத்து ஒலி தரும் ‘சரவுண்ட் சவுண்ட்’ என்பதைச் சிலர் சுற்றொலி என்றும் சிலர் சூழொலி என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. மூலச்சொல்லின் வரலாற்றைப் பார்த்தால் சூழொலியே பொருந்தும்.

ஆங்கிலச் சொல்லில் ‘ரவுண்ட்’ என்ற ஒலி கேட்பதால் அது வட்டத்திலிருந்து பிறந்ததாகத் தோன்றும். அப்படியல்ல. பிற்கால இலத்தீனில் ‘சூப்பர்’ (மேலே), ‘உந்தா’ (அலை) ஆகியவற்றிலிருந்து வந்த வினை அது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் பொருள் கரைமீறிப் பெருகுதல், வெள்ளமாய் மூடுதல். ‘ரவுண்ட்’ என்ற சொல்லோடு ஓசை ஒத்துப்போனதால், 17ஆம் நூற்றாண்டளவில் ‘நாற்புறமும் வளைத்தல்’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டது. முதலில் இருந்தது வெள்ளம். வட்டம் பிறகு வந்தது.

தமிழில் ‘சுற்று’ என்றதும் காது அசைவைக் கேட்கிறது: ராட்டினம் சுற்றுகிறது, ஊர் சுற்றுகிறான். சுற்றம், சுற்றுப்புறம் என்ற சொற்கள் இருப்பதால் சுற்றொலியைப் பிழை என்று தள்ள முடியாது. ஆனால் சூழ்வது அசையாமலும் நிகழும். கடல் தீவைச் சூழ்கிறது, இருள் வீட்டைச் சூழ்கிறது. குறளில் ‘சூழ்தல்’ ஆராய்ந்து எண்ணுதலையும் குறிக்கும். சூழ்ச்சி அந்தக் கிளையில் வந்தது. இங்கே நமக்கு வேண்டியது மற்றக் கிளை. சூழொலி வினைத்தொகை: சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் ஒலி.

இந்த வேறுபாடு வீட்டில் ஸ்பீக்கர் வைக்கும்போதே தெரிந்துவிடும். ஒலி தலையைச் சுற்றிப் பறக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பின் ஸ்பீக்கர்களின் ஒலியைக் கூட்டிவைத்துவிடுகிறார்கள். பாடகரின் குரல் முன்னால் நிற்காமல் குலைந்துபோகிறது. ரிசீவரின் (ஒலியை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) சோதனை இரைச்சலை ஓடவிட்டு, நீங்கள் அமரும் இடத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒரே அளவில், சுமார் 75 டெசிபல், வருமாறு வையுங்கள். தூரத்தையும் டேப் வைத்து அளந்து உள்ளிடுங்கள். ஒரு மீட்டர் பிசகினால் ஒலி ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் முந்தியோ பிந்தியோ வரும்.

5.1 அமைப்பில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு தாழொலி ஸ்பீக்கர்), அமர்ந்திருப்பவரின் நேர் எதிரிலிருந்து பாகையை அளந்தால், நடு ஸ்பீக்கர் நேர் எதிரே, இடமும் வலமும் 30 பாகையில், சூழ் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 பாகையில், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னே. சிங்கப்பூரில் நம் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சிக்கல் இங்கேதான். சோபா சுவரோடு ஒட்டியிருக்கும். பின்னால் இடமே இருக்காது. ஒன்றரை மீட்டர் தொலைவில் 110 பாகை என்றால் ஸ்பீக்கர் காதுக்கு அரை மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். சோபாவை அரை மீட்டராவது முன்னே இழுங்கள். முடியாவிட்டால் இரு பக்கத்திலும் நேராக 90 பாகையில் வைப்பது, பின்சுவரில் மாட்டிக் காதோடு ஒட்டிப் பாடவிடுவதைவிட மேல்.

அடுத்தது ‘இம்மர்சிவ்’. இதற்கும் இலத்தீன் வேர்தான்: நீருக்குள் அமிழ்த்துதல். ‘மூழ்கொலி’ எனலாம், ஆனால் மூழ்குவதில் மூச்சுமுட்டும் வாடை உண்டு. ‘தோய்தல்’ இதமான சொல்; இசையில் தோய்ந்து கேட்டார் என்கிறோமே. ஆகவே தோயொலி. காதின் மட்டத்தில் நாற்புறமும் வருவது சூழொலி, தலைக்கு மேலிருந்தும் இறங்குவது தோயொலி என்று பிரித்து ஆளலாம். 2012இல் திரையரங்குக்கு வந்த டால்பி அட்மாஸ் என்ற ஒலிமுறை இரண்டாம் வகை. 5.1.2 என்பதில் கடைசி எண் மேல் ஸ்பீக்கர்களைக் குறிக்கும்.

மேலிருந்து ஒலி இறங்குவதுபோல் காட்டக் கூரையை நோக்கி ஒலியெறியும் ஸ்பீக்கர்களுக்கு, எதிரொலிக்கத் தட்டையான கடினமான பரப்பு வேண்டும். வீவக வீட்டின் கான்கிரீட் கூரை, சுமார் 2.6 மீட்டர் உயரம், அதற்கு நன்றாகவே ஒத்துழைக்கும். கெடுப்பவை எல்-பாக்ஸ் (சுவரோரம் இறக்கிக் கட்டும்) பொய்க்கூரையும் காற்றாடியும். ஒலி படும் இடத்தில் அவை இருந்தால் உயரம் தெரியாது, மங்கலான எதிரொலிதான் கிடைக்கும். கூரையில் நான்கு ஸ்பீக்கர் பதிக்க நினைப்பவர்கள் கணக்குப் பாருங்கள்: உட்கார்ந்த காது ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், காதிலிருந்து மேல்நோக்கி 45 பாகையில் ஸ்பீக்கர் அமைய முன்னே 1.6, பின்னே 1.6 மீட்டர் தேவை. பின்னே அவ்வளவு இடம் இல்லாத வீட்டுக்கு 5.1.2 போதும்.

இனி ‘ரீமிக்ஸ்’. தமிழர் காதில் இது பழைய பாட்டுக்கு டிரம்ஸ் சேர்த்த புதுப்பாட்டு. பழைய ஆல்பங்களின் சூழொலிப் பதிப்பில் நடப்பது வேறு: குரல், கிட்டார், டிரம்ஸ் தனித்தனியே பதிவான மூல நாடாக்களுக்குத் திரும்பி, அவற்றைப் புதிதாகக் கலக்கிறார்கள். மறுகலவை என்ற சொல் இதற்குச் சரி. முடிந்த ஸ்டீரியோவைத் துலக்குவதான ‘ரீமாஸ்டர்’ வேறு, அது மறுமெருகு. ஸ்டீரியோவையே மென்பொருளால் பல ஸ்பீக்கருக்குப் பரப்புவது இரண்டுமல்ல. வாங்குமுன் உறையில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பம் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ நல்ல பாடம். அதன் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் அதை 1970களிலேயே நான்கு தடங்களுக்குக் கலந்தார். ஜேம்ஸ் கத்ரியின் 5.1 மறுகலவை 2003இல் எஸ்ஏசிடி (உயர்தர ஒலித்தட்டு) தட்டில் வந்தது, அட்மாஸ் 2023இல். ஒரே நாடாக்கள், மூன்று வேறு சூழல்கள். பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ 2019இல் அட்மாஸில் வெளிவந்தது.

புளூ-ரே தட்டு போட்டும் ரிசீவரில் ‘அட்மாஸ்’ என்ற எழுத்து வராவிட்டால், பிளேயரில் ஒலி வெளியீட்டை பிசிஎம்மிலிருந்து (பிளேயரே பிரித்துத் தரும் ஒலி) பிட்ஸ்ட்ரீமுக்கு (பிரிக்காமல் ரிசீவருக்கு அனுப்பும் ஒலி) மாற்றி, துணை ஒலியை (செகண்டரி ஆடியோ) அணையுங்கள். டிவி வழியாகச் சென்றால், டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ‘ஆர்க்’ வசதியின் மேம்பட்ட வடிவமான இ-ஆர்க் தேவை. சாதாரண ஆர்க் இணைய ஒலிபரப்பின் அட்மாஸை மட்டும் கடத்தும், தட்டின் முழுத்தர ஒலியைக் கடத்தாது. ஆப்டிகல் கேபிளில் அட்மாஸே வராது.