போஸ்டரில் ஒட்டும் இலை

பாளையங்கோட்டையில் எடிட்டிங் ரூம் வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோ சோறு போடுகிறது, குறும்படம் ஆசைக்கு. குறும்படத்தோடு வரும் தம்பிகளில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது, "அண்ணே, போஸ்டர்ல இலை வச்சுத் தாறீங்களா?" திரைப்பட விழாவில் தேர்வான படத்துக்கு, விழாவின் பெயருக்கு இருபுறமும் வளைத்துப் போடுகிற இலை. கட்சிச் சின்னம் இல்லை.

போன வருஷம் முக்கூடல் பக்கத்துத் தம்பி ஒருவன் பீடி சுற்றும் பெண்ணைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷப் படம் கொண்டுவந்தான். போஸ்டரில் ஒன்பது இலை. ஒன்பதில் எங்கேயாவது ஆள் உட்கார்ந்து பார்த்தார்களா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். மெயிலில் 'தேர்வு' என்று வந்ததாம், பிடிஎஃப் சான்றிதழ் வந்ததாம், கோப்பை வேண்டுமென்றால் தனியாகப் பணமாம். டாலரில் கட்டிய நுழைவுக் கட்டணம் மட்டும் பதினெட்டாயிரம் ரூபாய். அவன் அம்மாவுக்கு ஆயிரம் பீடிக்குத்தான் கூலி கணக்கு. எத்தனை ஆயிரம் பீடி என்று நீங்களே பாருங்கள்.

மாசாமாசம் விருது கொடுக்கும் விழா என்றால் உஷாராகுங்கள். "எந்த அரங்கில், எத்தனை மணிக்கு என் படம்?" என்று ஒரு மெயில் போட்டாலே பாதி வண்டவாளம் தெரிந்துவிடும். 'ஆஸ்கர் தகுதி' என்று போட்டிருந்தால், தகுதி தரும் குறும்பட விழாக்களின் பட்டியலை ஆஸ்கர் கொடுக்கும் அகாடமியே வெளியிடுகிறது, அதில் பாருங்கள். அந்த விழாக்களிலும் தேர்வானால் மட்டும் போதாது. அதற்கென்று குறித்த விருதை வாங்க வேண்டும்.

நல்ல விழாக்களை நான் குறை சொல்லவில்லை. 1996-இல் தொடங்கி, இப்போது திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா நமக்கு ரயிலில் போய் வரும் தூரம்தான். பார்வையாளராகப் போய் நாலு நாள் படம் பாருங்கள், அது படிப்பு. இப்போது கோவாவில் நடக்கும் இந்திய சர்வதேச விழாகூட 1952-இல் மும்பையில் தொடங்கி, சென்னை, டெல்லி, கொல்கத்தா என்று ஊர் சுற்றியதுதான்.

நமக்கோ ஊர்கூடிப் பார்ப்பது புதுசே இல்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிக்கிறோம். வில்லுப்பாட்டு முடிந்ததும் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட ஊர்கள் இவை. கேரளத்தில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழு மக்களிடம் காசு திரட்டியே 1986-இல் ஒரு முழுநீளப் படத்தை முடித்தது. சினிமாவுக்குப் பிரித்த தலைக்கட்டு வரி என்றுதான் அதைச் சொல்வேன்.

அந்தத் தம்பியை அவன் தெருவிலேயே படம் போட வைத்தேன். புரொஜெக்டர், ரெண்டு ஸ்பீக்கர் வாடகை எல்லாம் சேர்த்து, அவன் கட்டிய கட்டணத்தில் கால்வாசிகூட ஆகவில்லை. திரை கட்டவில்லை; ஆனி ஆடிக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி உப்பிவிடும். சுண்ணாம்பு அடித்த சுவர் போதும். செலவழிப்பதைச் சத்தத்துக்குச் செலவழியுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். ஸ்பீக்கருக்குப் போலீஸ் அனுமதி வேண்டும், இரவு பத்துக்குள் முடிக்க வேண்டும். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கேட்கிறது சட்டம், அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் படம் என்றால் அவர் சம்மதமும் வேண்டும்.

படம் ஓடி மூன்றாவது நிமிஷம், முன்வரிசையில் மடியில் பீடி சுற்றும் சுளவோடு (முறத்தோடு) உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா சத்தமாகச் சொன்னார்: "ஏல, இந்தப் பிள்ளைக்கு இலை வெட்டவே தெரியலயே. தகட்ட வைக்காம வெட்டுதா." தெருவே சிரித்தது. தம்பி முகம் செத்துப்போனது. பீடி இலையை அளவுத் தகடு வைத்துத்தான் வெட்டுவார்கள். ஒன்பது விழாக்காரர்கள் கண்ணில் படாத தப்பு.

மறுவாரம் கேமராவோடு அந்தப் பெரியம்மா வீட்டுத் திண்ணைக்குப் போனான். இப்போது படத்தில் இலை வெட்டுவது அவர் கைகள். நகக்கண்ணில் புகையிலைக் கறை ஏறிய கைகள். கலர் சரிசெய்யும்போது அந்தக் கறையை நான் தொடவில்லை.