பழைய காருக்கு வின்டேஜ் பதிவு: யாருக்கு லாபம், யாருக்கு வேண்டாத வேலை

ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்த ஃபியட்டோ அம்பாசிடரோ இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடும்: "வின்டேஜ்னு பதிஞ்சிட்டா போதும், எஃப்சி தொல்லை இல்ல, ஸ்கிராப்புக்கும் போகாது, எவ்வளவு வேணா ஓட்டலாம்." (எஃப்சி என்பது வண்டி ஓடத் தகுதியா என்று பார்க்கும் சோதனை.) இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, ஆனால் கடைசியில் சொன்ன ஓட்டுகிற விஷயம் முழுக்கத் தப்பு. தினமும் ஓட்டுவதற்கு வின்டேஜ் பதிவு உதவாது, தடுக்கத்தான் செய்யும். அதனால் புரோக்கரைப் பார்க்கப் போகும் முன் எது உங்கள் வண்டிக்கு ஏற்ற வழி என்று ஒரு முறை கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 81ஏ முதல் சில புது விதிகளைச் சேர்த்தது. வின்டேஜ் வண்டி என்றால் என்ன, யார் பதியலாம், எங்கே ஓட்டலாம் என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. விதி போட்டது மத்திய அரசு என்றாலும் நடத்துவது மாநிலம்: இந்த விண்ணப்பங்களைக் கவனிக்க ஒவ்வொரு மாநிலமும் ஓர் அதிகாரியை நியமித்து, வண்டியை நேரில் பார்த்து "ஆமாம், இது வின்டேஜ்தான்" என்று சொல்ல ஒரு குழுவையும் வைத்திருக்க வேண்டும்.

தகுதி என்னவென்றால், முதலில் வயது. முதல் விற்பனைக்குப் பிறகு முதன்முதலில் பதிவான தேதியிலிருந்து ஐம்பது வருடம் தாண்டியிருக்க வேண்டும். அடுத்தது, இரு சக்கர வண்டியாகவோ சொந்த உபயோகக் காராகவோ இருக்க வேண்டும். பழைய பெட்ஃபோர்ட் லாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த விதிக்குள் வராது. ஆக, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், திருவொற்றியூரில் தயாரான அந்தக் காலத்து புல்லட், மைசூரில் செய்த ஜாவா, ஃபியட் 1100, பழைய மார்க் வரிசை அம்பாசிடர் இவையெல்லாம் வரும். 1974இல் பத்மினி என்ற பெயரோடு வரத் தொடங்கிய ஃபியட்டில் ஆரம்ப வருடங்களின் வண்டிகளுக்குத்தான் இப்போது வயது எட்டுகிறது. மாருதி 800 வைத்திருப்பவர்கள் பொறுத்திருக்க வேண்டும். அதன் முதல் வண்டியே 1983 டிசம்பரில்தான் சாலைக்கு வந்தது, எனவே 2033க்கு முன் பேச்சே இல்லை.

மூன்றாவது தகுதியில்தான் நம் ஊர் வண்டிகளில் பாதி அடிபடும். வண்டி ஒரிஜினல் நிலையில் இருக்க வேண்டும். சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் நடந்திருக்கக் கூடாது. பெட்ரோல் விலை கட்டுப்படியாகவில்லை என்று அம்பாசிடரில் மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினைத் தூக்கிப் போட்ட காலம் ஒன்று இருந்தது, அன்று அது புத்திசாலித்தனம்தான், வண்டியும் பத்து இருபது வருடம் உழைத்திருக்கும், ஆர்சியிலும் (பதிவுச் சான்று) முறையாக டீசல் என்று ஏற்றியிருப்பார்கள். ஆனாலும் அந்த அம்பாசிடர் வின்டேஜ் ஆகாது. அதேபோல மேலே கூரையை வெட்டித் திறந்த காராக்கியது, பின்பக்கத்தை நீட்டியது எதுவும் செல்லாது. பெயின்ட் அடிப்பது, துருப்பிடித்த தகட்டை டிங்கரிங் செய்து பழைய வடிவத்துக்கே கொண்டுவருவது, சீட் உறை மாற்றுவது பராமரிப்புதான், அதில் பயமில்லை. ஒரிஜினல் எப்படி இருந்தது என்று மெக்கானிக்குக்கே சந்தேகம் வந்தால், கோயம்புத்தூர் ஜிடி கார் மியூசியம் மாதிரி இடத்துக்கு ஒரு நடை போய் அதே காலத்து வண்டிகளைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. பட்டறையில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

விண்ணப்பம் படிவம் 20இல், பரிவாகன் என்ற மத்திய அரசு இணையதளம் வழியாக. அதோடு நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், கட்டணம், ஏற்கெனவே இங்கே பதிவான வண்டி என்றால் பழைய ஆர்சி, வெளிநாட்டிலிருந்து இறக்கியது என்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணம். எல்லாம் சரியாக இருந்தால் 60 நாளுக்குள் படிவம் 23ஏ வடிவில் பதிவுச் சான்று தர வேண்டும் என்பது விதி. பலரும் பயப்படுகிற விஷயம் நம்பர். கவலை வேண்டாம், ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். எம்டிஎக்ஸ், எம்எஸ்ஆர் என்று தொடங்கும் அந்தப் பழைய நம்பருக்காகவே வண்டியை விற்காமல் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. புதிதாகப் பதிகிற வண்டிக்குத்தான் மாநிலக் குறியீட்டுக்குப் பிறகு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனி வரிசை. தமிழ்நாட்டில் டிஎன் விஏ என்று தொடங்கும்.

இனி காசு. வின்டேஜாக முதல் முறை பதிய 20,000 ரூபாய். அது பத்து வருடம் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். இதைச் சாதாரணப் புதுப்பிப்போடு வைத்துப் பாருங்கள். சொந்தக் காரின் ஆர்சி முதலில் 15 வருடம், அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் கட்டணத்தை ஏற்றிய பிறகு, 20 வயது தாண்டிய காருக்கு ஒரு முறை புதுப்பிக்க 10,000, பைக்குக்கு 2,000, இறக்குமதியான காருக்கு 80,000 ரூபாய். பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டால் உள்ளூர் ஃபியட்டுக்கு இரண்டு வழியிலும் அதே 20,000தான் வருகிறது, அடுத்த பத்து வருடத்தில்தான் வின்டேஜ் மலிவாகும். ஆர்சியில் இறக்குமதி வண்டி என்று இருக்கும் பழைய ஆஸ்டினோ மெர்சிடிஸோ என்றால் 1,60,000க்கும் 20,000க்கும் உள்ள வித்தியாசம், யோசிக்கவே வேண்டாம். புல்லட்டுக்கோ நேர் எதிர்: சாதாரண வழியில் பத்து வருடத்துக்கு 4,000 ரூபாயில் முடிகிற வேலைக்கு எதற்கு 20,000 கட்ட வேண்டும்? (வரி தனி. கட்டணம் எப்போது வேண்டுமானாலும் மாறும், கட்டும் அன்று தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.)

ஆனால் காசை விடப் பெரிய விஷயம், ஓட்டும் உரிமை. வின்டேஜாகப் பதிந்த வண்டியைக் கண்காட்சிக்கு, பழைய கார் பேரணிக்கு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு, அங்கே போகவர, பெட்ரோல் போட, பராமரிப்பு வேலைக்கு என்று மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் எடுக்க முடியாது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவது வணிக உபயோகம், அதற்கும் அனுமதி கிடையாது. பழைய காரை வைத்து வெட்டிங் ஷூட் தொழில் நடத்தும் எண்ணத்தில் வின்டேஜ் பதிவுக்கு அலைபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தங்கள் தொழிலுக்குத் தாங்களே பூட்டுப் போடுகிறார்கள்.

என் அபிப்பிராயம், உள்ளூரில் தயாரான வண்டியை ஞாயிற்றுக்கிழமையாவது நாலு தெரு ஓட்டிப் பார்க்க ஆசைப்படுகிறவர் சாதாரணப் புதுப்பிப்பிலேயே இருந்துவிடலாம். வின்டேஜ் பதிவு கட்டாயம் இல்லை. ஸ்கிராப் பயமும் தேவையில்லை. டெல்லியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்று கேள்விப்படுவது தலைநகர்ப் பகுதி சமாச்சாரம். தமிழ்நாட்டில் வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சொந்தக் காரை யாரும் பிடுங்கி உடைக்க மாட்டார்கள், பரிசோதனையில் தேறினால் ஓட்டலாம்.

அந்தப் பரிசோதனையைத்தான் நாம் எஃப்சி என்கிறோம். ஆர்சி முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25 போட்டு, பசுமை வரியும் கட்டி, வண்டியை ஆர்டிஓ அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். தாமதமானால் காருக்கு மாதம் 500, பைக்குக்கு 300 என்று ஏறிக்கொண்டே போகும். மோட்டார் வாகன ஆய்வாளர், ஊர் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், முதலில் கேட்பது சேசிஸ் நம்பர். எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிற அச்சு ஆர்சியோடு ஒத்துப்போக வேண்டும். ஐம்பது வருடத்து வண்டியில் அந்த எண்ணின் மேல் நாலைந்து அடுக்குப் பெயின்ட் படிந்திருக்கும், அல்லது துரு தின்று மூன்று எட்டாகத் தெரியும். முந்தின நாளே மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் மெதுவாகத் துடைத்து வையுங்கள், எமரித் தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், நம்பரைச் சுரண்டியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் வண்டி அங்கேயே நிற்கும். அப்புறம் ஹாரன், வைப்பர், பின்விளக்கு, ஹேண்ட் பிரேக். வைப்பர் ஓடாமல் திரும்பி வருகிற பழைய கார்கள்தான் அதிகம் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். புகைச் சான்றில் பழைய வண்டிக்கு வரம்பு தாராளம்தான்: அந்தக் காலத்துப் பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், பழைய இரு சக்கர வண்டிக்கு 4.5 சதவீதம். கார்புரேட்டரை ஒழுங்காக டியூன் செய்தால் தேறிவிடும்.

சரி, மாற்றம் செய்த வண்டிகளுக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்வது நேரடியான விஷயம்: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்தில் இது பற்றி வழக்கு நடந்து, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. மீறினால் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். காருக்கு முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு கூட 2017 டிசம்பரில் அமைச்சகம் எழுதிய கடிதத்தின்படி இந்தப் பிரிவுக்கு எதிரானதுதான். சத்தம் போடும் சைலன்சருக்குத் தனியாக 190ஆம் பிரிவு, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் போட அதில் இடம் இருக்கிறது.

சட்டப்படி வழி உள்ள மாற்றங்களும் உண்டு. சிஎன்ஜி, எல்பிஜி, மின்சாரம் என்று எரிபொருளை மாற்றலாம், ஆனால் ஏஆர்ஏஐ மாதிரியான சோதனை நிறுவனம் அந்த வண்டி மாடலுக்கு ஒப்புதல் கொடுத்த கிட் ஆக இருக்க வேண்டும், பட்டறையில் சேர்த்துக் கட்டியது கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ப வண்டியை மாற்றியமைக்கவும் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இன்ஜின் வெடித்துப்போய் அதே ரக இன்ஜினைப் போட வேண்டியிருந்தால், முதலில் ஆர்டிஓவிடம் ஒப்புதல் வாங்கி, மாற்றிய பிறகு புது இன்ஜின் நம்பரை ஆர்சியில் ஏற்ற வேண்டும். மாற்றத்தை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வாங்கிய கடையின் ரசீது இல்லாத காயலான் கடை இன்ஜின் என்றால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். லோன் பாக்கி இருந்தால் பைனான்ஸ்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். நிறம் மாற்றலாம், ஆனால் ஆர்சியிலும் மாற வேண்டும். ஒரு நிறம் மட்டும் கூடவே கூடாது: ராணுவத்தின் ஆலிவ் பச்சை. விதி 121 அதைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறது. பழைய வில்லிஸ் ஜீப்பை வாங்கியதும் முதல் வேலையாக அந்தப் பச்சையை அடிப்பவர்கள் அதிகம், சோதனையில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான்.

எந்த வழியில் போனாலும் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை காகிதம். பெரும்பாலான பழைய கார்கள் காலமான தாத்தா பெயரிலேயே இருக்கும். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்துப் படிவம் 31 போட்டுப் பெயரை மாற்றாமல் வேறு எந்த விண்ணப்பமும் நகராது. வாரிசுகள் நாலு பேர் என்றால் நாலு பேரின் சம்மதமும் தேவைப்படும், ஒருவர் துபாயில் இருந்தால் அதற்கே காலம் பிடிக்கும். அடுத்தது, பழைய வண்டியின் விவரம் கணினியில் ஏறாமல் இருக்கலாம். பதிவு விவரங்கள் இருக்கும் வாகன் இணையதளத்தில் உங்கள் நம்பரைப் போட்டுத் தேடிப் பார்த்து, எதுவும் வரவில்லை என்றால் முதலில் பதிவான ஆர்டிஓவில் பழைய பதிவேட்டைப் பார்த்து 'பேக்லாக் என்ட்ரி' போடச் சொல்ல வேண்டும். எந்த ஆர்டிஓவில் பதிந்தது என்பது பழைய நம்பரின் எழுத்திலேயே தெரியும். அந்த அலுவலகம் இப்போது மூன்று நாலாகப் பிரிந்திருந்தால் பதிவேடு எங்கே போனது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஆர்சி தொலைந்திருந்தால் போலீஸ் சான்றோடு படிவம் 26.

வண்டி இன்னும் வாங்கவில்லை, வாங்கத்தான் பார்க்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. அரசு ஏலத்தில் போன பழைய ஜீப், அம்பாசிடர் என்று யாராவது மலிவாகத் தந்தால், ஆர்சி உங்கள் பெயருக்கு மாறுமா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடம் தாண்டிய அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிப்பதில்லை, அவை பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்பே ஏலம் எடுத்துத் தனியார் பெயருக்கு மாறிய வண்டி என்றால் கேள்வி இல்லை, பெயர் மாறிய தேதியை ஆர்சியில் பாருங்கள்.