“ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை”

மென்பொருள் செய்யும் எங்கள் குழுவில் ஏழு பேர். நாலு பேர் கிளிநொச்சியில், அறிவியல் நகர்ப் பக்கம் வாடகைக்கு எடுத்த வீட்டில் வேலை செய்கிறோம். இரண்டு பேர் வவுனியாவில். ஒரு தங்கச்சி புதுக்குடியிருப்பில், தன் வீட்டிலிருந்தே. காலை ஒன்பதரைக்கு ஸ்டான்ட் அப் கூட்டம், அதாவது வேலை எவ்வளவில் நிற்கிறது என்று நாளாந்தம் சுருக்கமாய்க் கதைக்கும் கூட்டம். தொடங்கிய காலத்தில் அந்தக் கூட்டத்தில் நான் அதிகம் கேட்ட வசனம் மேலே தலைப்பில் இருப்பதுதான்.

ஒரு தம்பி அதை நாலு நாள் தொடர்ந்து சொன்னான். “நேற்று பேமென்ட் பகுதி செய்தேன், இன்றைக்கும் அதுதான், ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணை.” ஐந்தாம் நாள் அவன் திரையை எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சோதனைக் கணக்கின் கடவுச்சொல் காலாவதியாகி, திங்கட்கிழமையிலிருந்து அவன் அசையவே இல்லை. அதைப் புதுப்பிக்கும் மின்னஞ்சல் வருவது எனக்கு. இரண்டு நிமிட வேலை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “எல்லாரும் நிற்கேக்க எப்படி அண்ணை சொல்லுறது?”

பிழை அவனுடையது அல்ல. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்புவித்த மாதிரித்தான் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து ஒப்புவித்துக்கொண்டிருந்தார்கள். நானும் தலையாட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டேன் என்று பெரியவர் முன்னால் சொல்வது எங்கள் வளர்ப்பில் மரியாதைக் குறைவு, வேலை தெரியாதவன் என்ற பெயர் வேறு.

இந்தக் கூட்டம் ஸ்க்ரம் முறையின் ஒரு பகுதி. மென்பொருள் வேலையைச் சிறு கட்டங்களாய்ப் பிரித்துச் செய்யும் அந்த முறையை கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் 1995இல் பொதுவெளியில் வைத்தார்கள். அவர்களின் வழிகாட்டியில் இந்தக் கூட்டத்துக்கு 15 நிமிடம், ஒவ்வொரு வேலைநாளும் ஒரே நேரம், ஒரே இடம். கூட்டம் மேலாளருக்கானது அல்ல, வேலை செய்கிறவர்களுக்கானது. ஸ்பிரின்ட் என்ற குறுகிய வேலைக்கட்டத்தின் இலக்கை நோக்கித்தான் போகிறோமா என்று பார்த்து, அடுத்த ஒரு நாளுக்கான திட்டத்தைத் திருத்திக்கொள்வதுதான் நோக்கம். நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்று நாம் மனப்பாடமாய் வைத்திருக்கும் மூன்று கேள்விகளையும் 2020 பதிப்பில் எடுத்தே விட்டார்கள். பல இடங்களில் இன்னும் அதையே மந்திரம் போல ஓதுகிறார்கள்.

எங்கள் ஐயா கமக்காரர். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர், தண்ணீர் திறக்கும் திகதி எது என்பதெல்லாம் பெரிய கூட்டத்தில் முடிவாகும். ஆனால் காலையில் வரம்பில் நின்று பக்கத்து வயல்காரரோடு ஐயா கதைப்பது வேறு கதை: “உங்கட மடை எப்ப கட்டுவியள்? எனக்கு இன்னும் கடைசி வயலுக்குத் தண்ணி ஏறேல்லை.” அதில் யாரும் யாருக்கும் அறிக்கை கொடுப்பதில்லை. நான் நடத்திய கூட்டத்தில் இல்லாமல் போனது அந்த வரம்புக் கதைதான்.

அதன் பிறகு ஆட்களைச் சுற்றிக் கேட்பதை நிறுத்தினோம். ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டையாய், முடிய முடிய வலப்பக்கம் நகரும் போர்டைத்தான் பார்க்கிறோம், அதுவும் வலப்பக்கத்திலிருந்து, முடியப்போகிற வேலையிலிருந்து தொடங்கி. “இந்த அட்டை மூன்று நாளாய் இங்கேயே நிற்குது, என்ன தேவை?” கேள்வி அட்டையைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல. இந்தச் சின்ன மாற்றம் கூச்சத்தைப் பாதியாவது குறைத்தது. மற்றது, என் தடையை நானே முதலில் சொல்லத் தொடங்கினேன்: “அந்த ஏபிஐ எனக்கு விளங்கேல்லை, ஆராவது அரை மணித்தியாலம் இருங்கோ.” (ஏபிஐ என்பது ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழி.) முதல் நாள் எல்லோரும் திகைத்துப் போனார்கள். சரி, திகைக்கட்டும்.

கூட்டத்துக்குள்ளேயே பிரச்சினையைத் தீர்க்க வெளிக்கிட்டால் 15 நிமிடம் 45 ஆகிவிடும். யாரோடு யார் பிறகு இருந்து பார்ப்பது என்று மட்டும் முடிவெடுத்துவிட்டு மற்றவர்களை விட்டுவிடுகிறோம். வெளியே தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்.

வாடிக்கையாளர் லண்டனில். அவர்களின் காலை ஒன்பதரை எங்களுக்குக் கோடையில் பிற்பகல் இரண்டு, குளிர்காலத்தில் மூன்று. அவர்கள் நேரத்துக்கே கூட்டத்தை வைத்தால் அரை நாள் வேலை திசை தெரியாமல் ஓடிவிடும். ஆகவே எங்கள் கூட்டம் காலையில் எங்களுக்குள். அவர்களோடு பின்னேரம் தனியாகக் கதைக்கிறோம். மழைக்காலத்தில் கரன்ட் போனால் புதுக்குடியிருப்புத் தங்கச்சி வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடுவாள். அது போதும் என்று நினைக்கக்கூடாது. பதிவைக் கேட்டவர்களில் ஒருவர் கட்டாயம் திருப்பி அழைக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவும் ஒப்புவித்தலாகிவிடும்.

போன மாதம் ஒரு கிழமை நான் கொழும்பில் நின்றேன். மூன்று நாள் கூட்டம் ஒழுங்காக நடந்தது. நாலாம் நாள் நடக்கவில்லை. “நீங்கள் இல்லைத்தானே அண்ணை.” இப்போது தொடங்கிவைக்கும் பொறுப்பைக் கிழமைக்கு ஒருவராய் மாற்றியிருக்கிறோம். இந்தக் கிழமை தங்கச்சியின் முறை. நான் மைக்கை அணைத்துவிட்டு இருக்கிறேன்.